அடி எங்கே போனது

வெடிக்காத தோட்டாவின் பின்புறத்தில் இருக்கும் வடுவை நிதானமாகப் பார்க்க வேண்டும். பித்தளை வட்டத்தின் நட்டநடுவே நிக்கல் பூசிய ஒரு சிறு மூடி. அதன் மையத்தில் ஊசி வந்து தொட்டுவிட்டுப் போன பள்ளம். விளக்கை நேர் மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் ஒரு கரையில் நிழல் விழும். அந்த நிழலின் அகலத்தை வைத்தே ஆழத்தைச் சொல்லிவிடுவார்கள் துப்பாக்கிப் பழுது பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். வடு நடுவில் இருக்கிறதா, ஓரம் தள்ளி விழுந்திருக்கிறதா? வட்டமா, நீள்வட்டமா? பள்ளத்தின் தரை உருண்டு வழவழப்பாக இருக்கிறதா, கூர்மையாகக் கீறியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு காரணம் உண்டு. பெரிய குழல் ரிவால்வர் ஒன்று ‘டிக்’ என்ற வெற்றோசையோடு நின்றுவிட்டால் விசாரணையை அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெடித்த தோட்டாவையும் வெடிக்காததையும் அருகருகே வைத்து, ‘இது ஆழம், அது மேலோட்டம்’ என்று சொல்லிவிடக் கூடாது. வெடிக்கும்போது உள்ளிருந்து எழும் அழுத்தம் அந்த மூடியைப் பின்னுக்குத் தள்ளி, ஊசியைச் சுற்றி உலோகத்தை இறுகப் படிய வைக்கிறது. அதனால் வெடித்ததன் வடு பொதுவாகக் கூடுதல் ஆழமாகவும் ஓரம் எடுப்பாகவும் தெரியும். அதில் பாதி ஊசி செய்தது, பாதி நெருப்பு செய்தது. ஊசி மட்டும் என்ன செய்தது என்பதை அறிய, வெடிக்காமல் போனவற்றை வெடிக்காமல் போனவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வடுவைப் படிப்பது என்பது ஒரு கலை என்று எனக்குப் பிடிபட்டது.

மூடி என்று சொன்னது பிரைமரை. நம் பக்கத்தில் கேப்பு. பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அதன் விட்டம் 5.33 மி.மீ. போடி ஏலக்காய் மண்டிகளில் 8 மி.மீ. சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, 7 மி.மீ.யில் நிற்பதற்கு ஒரு விலை. மில்லிமீட்டரைக் கண்ணாலேயே எடை போடும் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த அளவு சட்டென்று விளங்கும்: இந்தக் கேப்பு சல்லடை தாண்டிக் கீழே விழுகிற பொடிக்காய் அளவு. அதற்குள் மூன்று பொருள்கள் அடங்கியிருக்கின்றன. மெல்லிய உலோகக் கிண்ணம், அதன் தரையில் அமுக்கி வைத்த சிறிதளவு மருந்து, அந்த மருந்தின்மேல் முனை படும்படி கால் ஊன்றி நிற்கும் குட்டிப் பட்டடை. ஊசி வெளியிலிருந்து அடிக்கிறது. கிண்ணத்தின் தரை உள்ளே குழிகிறது. குழியும் தரைக்கும் பட்டடை முனைக்கும் இடையே மருந்து நசுங்குகிறது. மெதுவான அழுத்தத்துக்கு மசியாத அந்த மருந்து, சட்டென்று விழும் அடிக்கு மசிகிறது. ஆகவே ஆழம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். ஊசி எவ்வளவு தூரம் போனது என்பதைப் போலவே எவ்வளவு விரைந்து போனது என்பதும் கணக்கில் சேர்கிறது.

தொழிற்சாலையில் இதைச் சோதிக்கும் முறை மிக எளியது, மிக நேர்மையானது. எடை தெரிந்த எஃகுக் குண்டு ஒன்றை அளந்த உயரத்திலிருந்து ஊசியின்மேல் விழவிடுவார்கள். இந்த உயரத்தில் விழுந்தால் எல்லாக் கேப்புகளும் வெடித்தாக வேண்டும். இந்த உயரத்துக்குக் கீழே ஒன்றும் வெடிக்கக் கூடாது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது கேப்பின் குணம். கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காத அளவுக்கு முரட்டுத்தனம், ஊசி பட்டால் தவறாமல் வெடிக்கும் அளவுக்கு நளினம். இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்துக்குள் பொருத்தியதை நான் 19ஆம் நூற்றாண்டின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். பட்டடையைக் கேப்புக்குள்ளேயே வைத்தவர் வுல்லிச்சில் இருந்த எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். பட்டடையைத் தோட்டாவின் பித்தளையிலேயே எழுப்பியவர் ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர். இரண்டும் 1866இல். பின்னாளில் அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையை எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதி அமெரிக்கரின் முறையை எடுத்துக்கொண்டது.

போடிமெட்டுப் பக்கம் கேப்பு என்ற சொல் புதிதில்லை. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்தால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத் தோட்டங்கள் விரியும். கீழிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும், பொழுது சாயும்போது இறங்கும். மலையில் மிஞ்சியிருப்பது பனிமூட்டமும் காட்டுப்பன்றியும். பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கிகள் இந்த மலைத்தொடரில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. பெரும்பாலும் பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கி. சில வீடுகளில் இன்னும் குழலின் வாய்வழியாக மருந்து இடித்து, பின்னால் கேப்பு மாட்டிச் சுடும் ஒற்றைக்குழல்.

ஒரே மேட்டின் இரு சரிவுகளிலும் சட்டம் வேறு வேறு. கேரளத்தில் 2022 மே மாதம் வந்த ஆணைப்படி ஊராட்சித் தலைவரே பன்றியைச் சுட அனுமதி தரலாம். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. 3 கி.மீ.க்கு அப்பால் வந்த பன்றியையும் வனத்துறைப் பணியாளர்தான் சுடலாம். ஆனால் பனிமூட்டத்துக்கு எல்லைச் சாவடி கிடையாது. இரு பக்கத்து மருந்தையும் அது நமுக்க வைக்கிறது.

பூப்பாறை போகும் வழியில் சிறு தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் கேப்புத் துப்பாக்கியைத் தயார் செய்வதை ஒரு மாலை அருகில் நின்று பார்த்தேன். சுடுவது அவர் நோக்கமில்லை. ரவை போடாமல் வெறும் மருந்தை வெடித்து விலங்குகளை விரட்டுவதுதான். முதலில் குழல் காலியா என்று கம்பியை உள்ளே விட்டு அளந்தார். பிறகு மருந்தே போடாமல், பின்னால் நிப்பிள் என்ற சிறு முளையில் ஒரு கேப்பை மட்டும் மாட்டினார். குழலைத் தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலைக்கு அருகே சாய்த்துப் பிடித்துக் குதிரையை விழவிட்டார். சட்டென்று ஒரு வெடி. இலை துள்ளி நகர்ந்தது.

“மொதக் கேப்ப வெறுங்குழல்லயே அடிச்சிரணும் தம்பி. நிப்பிள்ல எண்ணெ இருந்தாலும் ஈரம் இருந்தாலும் அதுலயே காஞ்சிரும். எல அசைஞ்சா வழி தொறந்திருக்குன்னு அர்த்தம். பெறகுதான் மருந்து.”

அடுத்த கேப்பை மாட்டும்போது விரலால் அழுத்தவில்லை. ஒரு மூங்கில் குச்சியால் நேராக அமுக்கி, குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்.

“முழுசா உக்காந்துச்சான்னு பாக்கணும். அரைகொறையா நின்னா மொத அடி அத உக்கார வைக்கிறதுக்கே போயிரும். ரெண்டாவது அடிக்குத்தான் கேக்கும்.”

அவர் சொன்ன இந்தக் கடைசி வாக்கியம் ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம். நவீன ரிவால்வர்களில் வெடிக்காமல் போகும் தோட்டாக்களில் கணிசமானவற்றுக்கு இதே காரணம்தான். முதல் முறை வெடிக்காத தோட்டா, அதே அறையில் மறுபடி ஊசிக்கு முன் வரும்போது வெடித்துவிட்டால் கேப்பு உயரமாக நின்றிருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். முதல் அடி அதைக் குழிக்குள் தள்ளியது. இரண்டாவது அடி பட்டடையில் இறங்கியது. அடி குறைவாக இல்லை, வேறு வேலைக்குச் செலவாகிவிட்டது.

கேப்பின் பிறப்பும் ஈரத்தோடும் வேட்டையோடும் பிணைந்ததுதான். அதற்கு முன்பு சிக்கிமுக்கிக் கல் உரசித் தெறிக்கும் பொறியை நம்பித்தான் சுட்டார்கள். மழை பெய்தால் போயிற்று. சென்னைக் கோட்டையில் எழுத்தராக இருந்த இளைஞன் ராபர்ட் கிளைவ் தன் தலைக்கு வைத்துக்கொண்ட கைத்துப்பாக்கி இரண்டு முறையும் வெடிக்கவில்லை என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துக் கல் துப்பாக்கிகளின் இயல்பை அறிந்தவர்களுக்கு அது நம்ப முடியாத கதை இல்லை. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் வாத்து வேட்டைக்காரர். கல் தெறிக்கும் வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுவதைக் கண்டு, அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை 1807இல். அந்த மருந்தைச் சின்னச் செம்புக் குல்லாயில் அடைத்ததுதான் பெரியவர் மூங்கில் குச்சியால் அமுக்கிய கேப்பு. அதே குல்லாயைத் தோட்டாவின் பின்புறத்தில் பதித்ததுதான் இன்றைய பிரைமர்.

இனி ரிவால்வர். பெரிய குழல் என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது வெப்லி .455. பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரின் நடுவே 1915இல் ஆறாம் வகை வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஆறு அங்குலக் குழல், ஆறு அறைகள். மேலே இருக்கும் கொக்கியை விரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடியும். மடியும்போதே ஆறு பித்தளைக் கூடுகளும் ஒன்றாக எழுந்து வெளியே விழும். இந்த அளவுத் துப்பாக்கி நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் பெரும்பாலும் கிடைப்பது .32தான். துப்பாக்கிப் பழுது வேலை எதையும் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரர்தான் செய்யலாம், வீட்டு மேசையில் செய்யக் கூடாது. அந்தக் கைகளைப் பாராட்டத்தான் இந்தக் கட்டுரை.

வெப்லியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வெளியில் பளிச்சென்று தெரியாத ஒரு தகடு. ஊசி வந்து எட்டிப்பார்க்கும் துளையைச் சுற்றி, தோட்டாக்கள் சாய்ந்து நிற்கும் பின்சுவரில், கடினமாக்கிய எஃகுத் துண்டு ஒன்றைத் தனியாகப் பதித்திருப்பார்கள். முதல் வகையில் அது கிடையாது. சுடச்சுட அந்த இடம் தேய்ந்தது, துளை அகன்றது. அதனால் திருத்திய வடிவத்தில் தகடு சேர்ந்தது. பின்சுவர் தேய்ந்தால் தோட்டா பின்னால் கூடுதலாக ஒதுங்கும், துளை அகன்றால் கேப்பின் உலோகம் அதற்குள் பிதுங்கும். இரண்டுமே அடுத்த அடியைக் கெடுக்கும். தேய்கிற இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முழு உடலையும் எறிய வேண்டாம். இதை யோசித்த பொறியாளரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அந்தத் தகட்டில் அவர் மனம் தெரிகிறது.

குதிரை விழும் தூரம் ஒரு விரற்கடை. அந்தத் தூரத்துக்குள் கைப்பிடிக்குள் இருக்கும் வில் தன்னிடம் சேர்த்து வைத்ததை எல்லாம் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதில் எவ்வளவு கேப்பு வரை வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி. ஊசி பின்சுவரைத் தாண்டி வெளியே நீள்வது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கேப்பின் கிண்ணத் தரை அரை மில்லிமீட்டர் தடிமன். தோட்டாவின் விளிம்புக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுற்றாது. ஆக, ஊசி கேப்பைத் தொடுவதற்கு முன்பே தன் நீளத்தில் ஒரு பங்கை இடைவெளிக்குக் கொடுத்துவிடுகிறது. மீதியில்தான் வேலை. கையிருப்பு இவ்வளவு சிறிதாக இருக்கையில், பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் களவு கொடுத்தாலும் தோட்டா வெடிக்காது. நல்ல பழுது பார்ப்பவர் அடியை அதிகமாக்க முயல்வதில்லை. அடி எங்கே களவு போகிறது என்று தேடுகிறார்.

முதல் தேடல் மிகச் சாதாரணமான இடத்தில். தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு சிலிண்டரின் நடுவில் இருக்கிறது. அதைத் தூக்கி அடியில் பார்த்தால் எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். அந்தத் துகளின்மேல் தகடு உட்கார்ந்தால் சமமாக உட்காராது, ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அதன்மேல் விளிம்பு வைத்திருக்கும் தோட்டாவும் சரிந்து நிற்கும். ஊசி அடித்தவுடன் தோட்டா முன்னால் நகர்ந்து உட்காரப் பார்க்கும். அடியின் முன்பாதி அந்த நகர்வுக்கே போய்விடும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் தகட்டின் அடியைத் துடைத்தால் தீர்ந்தது. இதைச் செய்யாமலேயே வில்லை மாற்றியவர்கள், ஊசியை மாற்றியவர்கள் உண்டு.

எந்த அறை என்று குறித்துக்கொள்வது அடுத்த நயம். ஆறு அறைகளுக்கும் வெளிப்புறத்தில் மையால் புள்ளி வைத்து, வெடிக்காத ஒவ்வொரு தோட்டாவும் எந்த அறையில் நின்றது என்று எழுதிக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப ஒரே அறை என்றால் குறை அந்த அறையின் வாயிலோ அதன் நேரே இருக்கும் நட்சத்திர முனையிலோ இருக்கிறது. ஆறிலும் மாறி மாறி வந்தால் வில், ஊசி, அல்லது கேப்பு. ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும். எவ்வளவு அழகான பிரிப்பு!

சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்பது அதன் பிறகு. சுட்டுத் தேய்ந்த பெரிய ரிவால்வர்களில் இந்த ஆட்டம் வந்துவிடும், அடியின் வலு அப்படி. குதிரை விழும்போது ஊசி தோட்டாவைத் தள்ளும், தோட்டா சிலிண்டரைத் தள்ளும், முழுச் சிலிண்டரும் முன்னால் நகர்ந்து கொடுக்கும். பொருளைத் தாங்கிப் பிடிக்காமல் சுத்தியால் அடித்தால் ஆணி இறங்காத அதே கணக்கு இது. ஃபீலர் கேஜ் தகடுகளை இடையில் நுழைத்து அளந்து, உள்ளே மெல்லிய எஃகு வளையம் ஒன்றை வைத்து ஆட்டத்தைத் தின்றுவிடுவார்கள். அந்த வளையத்தின் தடிமன் மில்லிமீட்டரின் நூற்றுப் பங்கில் கணக்கு. அதைக் கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வெடிப்பும் மௌனமும் தங்கியிருக்கிறது.

இனி வில்லுக்கு வருகிறேன். இங்கேதான் மனிதர்கள் தாமே குறையை வரவழைத்துக்கொள்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸனின் பெரிய உடல் ரிவால்வர்களில், 1950களின் நடுவே வந்த .44 மேக்னம் உட்பட, கைப்பிடியின் முன்பக்கத்தில் ஒரு திருகாணி உண்டு. கைப்பிடிக்குள் நிற்கும் பட்டை வில்லை அது அழுத்திப் பிடித்து வளைக்கிறது. அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினால் விசை மெத்தென்று ஆகிவிடும். விரலுக்கு இதமாக இருக்கும். கடையில் வைத்து இழுத்துப் பார்ப்பவர் மயங்கிவிடுவார். சிலர் ஆணியின் முனையையே அரத்தால் ராவிக் குட்டையாக்கிவிடுவார்கள். அந்த இதம் அத்தனையும் கேப்பின் பங்கிலிருந்து எடுத்தது. வெடிக்காத பெரிய ரிவால்வர் கைக்கு வந்தால் அனுபவசாலி முதலில் திருகாணியைத்தான் தொட்டுப் பார்ப்பார். முழுவதும் இறுக்கி இருக்கிறதா? இறுக்கியும் போதவில்லையென்றால் ஆணியை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் முனையில் அரம் பட்ட தடம் இருக்கிறதா? அந்தத் தடத்தை லென்ஸில் பார்த்தால் பளபளவென்று தட்டையாக இருக்கும், தொழிற்சாலையில் விட்ட உருண்ட முனையாக இருக்காது.

இதில் இன்னொரு அழகிய சோதனை இருக்கிறது. ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். கட்டைவிரலால் குதிரையை முதலில் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொடலாம், அல்லது விசையையே நீளமாக இழுத்துக் குதிரையை எழுப்பி விழவைக்கலாம். முதல் முறையில் குதிரை கூடுதல் தூரம் பின்னால் போய் விழுகிறது, அதனால் அடி பலமாக இருக்கிறது. இரண்டாவது முறையில் அது முழு உயரம் ஏறுவதற்கு முன்பே விடுபட்டுவிடுகிறது. ஆகவே கட்டைவிரலால் இழுத்துச் சுட்டால் ஆறும் வெடித்து, விசையால் மட்டும் சுட்டால் ஒன்றிரண்டு நின்றுபோனால், வில் வலுவிழந்திருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். ஒரே துப்பாக்கி தனக்குத்தானே சாட்சி சொல்கிறது.

கேப்பின் பக்கம் திரும்பினால் இன்னொரு வகைக் களவு. கைத்துப்பாக்கிக் கேப்பும் ரைஃபிள் கேப்பும் விட்டத்தில் ஒன்றே. ஆனால் ரைஃபிள் கேப்பின் கிண்ணம் தடித்தது, பெரிய அளவுக் கேப்பில் உயரமும் சற்று அதிகம், ரைஃபிளின் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே. மிகப் பெரிய ரிவால்வர் தோட்டாக்கள் சிலவற்றில் அழுத்தம் ரைஃபிளை நெருங்குவதால் ரைஃபிள் கேப்பையே வைத்துச் செய்கிறார்கள். .454 கசூல் சிறிய ரைஃபிள் கேப்பைக் கொண்டது. அந்தத் துப்பாக்கிகளின் வில் கனமாக இருப்பதற்குக் காரணம் முரட்டுத்தனம் இல்லை, தடித்த கிண்ணத்தைக் குழிய வைக்க அது வேண்டும். அந்த வில்லை மெல்லியதாக மாற்றிவிட்டு, வெடிக்கவில்லை என்று தோட்டாவைக் குறை சொல்வது நியாயமில்லை.

மலைக்காரர்களுக்கென்றே ஒரு குறை உண்டு. பழைய காலத்துக் கேப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு அது உப்பாகப் படியும், நம் சமையல் உப்பைப் போலவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். போடிமெட்டுப் பனியில் ஓர் இரவு போதும், ஊசித் துளை துருவேறத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கக் கெட்டியான எண்ணெயை நிறையப் பூசினால் அதே எண்ணெய் குளிரில் இறுகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். எண்ணெய் ஊடுருவிக் கேப்பைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அந்தக் காலத்துப் படைவீரர்கள் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவினார்கள். உப்பு கரைவது நீரில்தான், எண்ணெயில் இல்லை. கழுவி, காயவைத்து, பிறகு மெல்லிதாக ஒரு பூச்சு. இன்றைய கேப்புகளில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. ஆனால் ஊசித் துளையில் எண்ணெயை வழியவிடக் கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை.

ரிவால்வர் மேல் நம்பிக்கை பிறந்ததே வெடிக்காத தோட்டாவால்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியரைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. அந்த வகையில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மேல்பகுதியைக் கையால் இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும், இரண்டு கை வேண்டும். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்துவிடும். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உதம் சிங் கையில் இருந்தது ஸ்மித் அண்ட் வெஸன் .455 ரிவால்வர். தோட்டாக்களோ அந்தக் குழலுக்குச் சற்றுச் சிறியவை, பழையவையும் கூட. ஆறும் வெடித்தன. பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’ட்வையர் அங்கேயே இறந்தார். ஆனால் குழலோடு இறுகப் பொருந்தாத குண்டுகள் வேகம் குறைந்தே போயின. மேடையில் இருந்த இந்தியாவுக்கான அமைச்சர் ஸெட்லண்டுக்கு விலாவில் காயம் மட்டுமே. பொருத்தம் தவறிய தோட்டாவிலும் கேப்பு தன் வேலையைச் செய்தது. கேப்பு வெடித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

விசையை மறுபடி இழுத்தால் போதும் என்று சொன்னேனே, சுடுதளத்தில் அதைச் செய்யக் கூடாது. இது ரிவால்வரின் அழகுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஆபத்து. சில கேப்புகள் உடனே வெடிக்காமல், சற்றுத் தாமதித்து வெடிக்கும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு விசையை இழுத்தால் சிலிண்டர் சுற்றி, அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்தில் நிற்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியில்லை. ஆகவே ‘டிக்’ கேட்டவுடன் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ‘புஸ்’ என்று மெலிந்த ஓசை கேட்டால் அது வேறு கதை. கேப்பு மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டுக் குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த குண்டை அதன் பின்னால் அனுப்பினால் குழல் பிளக்கும்.

பழுது தீர்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஆயுதக் கூடங்களில் ஒரு முறை உண்டு. கேப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்புத் துண்டு ஒன்றைப் பொருத்திய போலித் தோட்டாவை அறையில் போட்டு, குதிரையை விழவிடுவார்கள். செம்பில் பதிந்த பள்ளத்தை ஆழ அளவியால் அளப்பார்கள். ஆறு அறைகளிலும், குதிரையை இழுத்தும், விசையால் இழுத்தும் அளப்பார்கள். பன்னிரண்டு எண்கள் கிடைக்கும். அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் சிலிண்டர் நேர், ஊசி நேர், வில் நேர். விசையால் இழுத்த ஆறும் மற்ற ஆறைவிடச் சற்றே குறைவாக, ஆனால் குறைந்தபட்ச எல்லைக்கு மேலே நின்றால் வில்லைத் தொட வேண்டியதில்லை. அதன் பிறகே உண்மைத் தோட்டாக்களோடு சுடுதளம். அங்கே ஆறு அறைகளுக்கும் மறுபடி மையால் புள்ளி வைத்து, விசையால் மட்டுமே சுட வேண்டும். ஏனென்றால் குறைந்த அடி விழுவது அந்த முறையில்தான். உரிமையாளர் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கலாமே என்று கேட்பார். திருகாணியை முழுவதும் இறுக்கிய நிலையில் அந்த விசை எவ்வளவு கனமோ அவ்வளவு கனமாகவே திருப்பித் தருகிற கடைக்காரரைத்தான் நான் மதிக்கிறேன்.